எட்டாம் வகுப்பில் ஊர் மாறலாமா?

மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகாரங்கள் அமைச்சகம் 2018இல் வெளியிட்ட ‘வாழ எளிதான நகரங்கள்’ பட்டியலில் பெங்களூருக்கு 58ஆம் இடம். 2021 மார்ச்சில் அடுத்த பட்டியல் வந்தபோது, பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களில் அதே பெங்களூருக்கு முதலிடம். சென்னைக்கு 4, கோவைக்கு 7. இடையில் பெங்களூரு ஒன்றும் தலைகீழாக மாறிவிடவில்லை. மாறியது மதிப்பெண் போடும் முறை. 2022 செப்டம்பர் மழையில், முதலிடம் பிடித்த அதே நகரத்தின் வெளிவட்டச் சாலைப் பகுதியில் ஐ.டி. ஊழியர்கள் டிராக்டரில் ஏறி வேலைக்குப் போனார்கள். 2024 மார்ச்சில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றின. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது.

குடும்பத்தோடு ஊர் மாறப்போகிறவர்கள் இப்படியொரு பட்டியலையும் புது வேலையின் சம்பளக் கணக்கையும் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். அந்த வேலைக்குப் போகிறவருக்கு அது போதும். அவரோடு கிளம்பி வரும் பிள்ளைகளுக்கும், வாழ்க்கைத் துணைக்கும், வயதான பெற்றோருக்கும் போதாது. அவர்களுக்கு ‘எந்த ஊர்’ என்பதைவிட ‘எந்தத் தெரு’, ‘எந்த வருஷம்’ என்ற இரண்டும்தான் முக்கியம்.

தெருவிலிருந்தே தொடங்கலாம். சென்னை வேளச்சேரியும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதிகளும் 2015 டிசம்பரில் மூழ்கின. மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரில் மறுபடி மூழ்கின. நடுவில் 2019 ஜூலையில் இதே நகரத்துக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். ‘சென்னை நல்ல ஊரா?’ என்று கேட்டால் பதில் கிடைக்காது. ‘2015இல் இந்த வீட்டுக்குள் தண்ணீர் எந்த உயரம் வரை வந்தது?’ என்று எதிர்வீட்டுக்காரரைக் கேட்டால், சுவரில் கை வைத்தே காட்டிவிடுவார்.

கோவையில் கேள்வி வேறு. சிறுவாணித் தண்ணீரின் பெயரைச் சொல்லித்தான் அங்கே வீடு காட்டுவார்கள். அணை இருப்பதோ கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில். நகரின் எல்லாப் பகுதிக்கும் அந்தத் தண்ணீர் போவதும் இல்லை, பல இடங்களுக்குப் பில்லூர் தண்ணீர்தான். உள்ளூர்ப் பெண்கள் வீடு பார்க்கப் போனால் தரையையும் சுவரையும் பார்ப்பதற்கு முன், “நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வருதுங்க?” என்றுதான் தொடங்குவார்கள். வீட்டுக்காரர் சொல்லும் எண்ணை அப்படியே நம்பாமல், தொட்டி எத்தனை லிட்டர் பிடிக்கும் என்றும் கேட்டு, ஒன்றை மற்றொன்றோடு ஒத்துப்பார்த்துக்கொள்வார்கள். எந்தத் தரவரிசைக் குழுவும் இவ்வளவு நுணுக்கமாகக் கேட்பதில்லை.

அடுத்தது வருஷம். மாநில எல்லையைத் தாண்டும் குடும்பங்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டின் சட்டம் பள்ளிகளில் தமிழைக் கட்டாயமாக்கியது. கர்நாடகம் 2015இல் கன்னடத்துக்கும், கேரளம் 2017இல் மலையாளத்துக்கும், தெலங்கானா 2018இல் தெலுங்குக்கும் சட்டம் கொண்டுவந்தன. ஒவ்வொரு மாநிலமும் தன் மொழியைக் காக்கச் செய்த நியாயமான ஏற்பாடு. ஒன்றாம் வகுப்பில் சேரும் குழந்தைக்கு இதில் சிரமமே இல்லை. தெருவில் விளையாடியே ஒரு வருஷத்தில் பேசத் தொடங்கிவிடும். எட்டாம் வகுப்புப் பிள்ளையோ மற்றவர்கள் இலக்கணம் படிக்கும் வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக்கூட்ட வேண்டிவரலாம்.

மொழியோடு முடியவில்லை. கர்நாடகத்தில் தொழிற்கல்விப் பொது நுழைவுத் தேர்வு வழியாக அரசு ஒதுக்கீட்டு இடம் பெற, பொதுவான விதிப்படி 12ஆம் வகுப்புக்குள் 7 ஆண்டுகள் அந்த மாநிலத்தில் படித்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் போய்ச் சேரும் பிள்ளைக்கு 5 ஆண்டுகள்தான் தேறும். ஆறாம் வகுப்பிலேயே போயிருந்தால் கணக்கு நேராகியிருக்கும்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இழப்பு இன்னும் பெரிது. மருத்துவப் படிப்பில் 2020 முதல் தமிழ்நாடு தரும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறு முதல் 12 வரை இங்குள்ள அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே. கல்லூரி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் ஆறாம் வகுப்பு முதலான படிப்புதான் அடிப்படை. வேலை தேடிப் பெங்களூரு போகும் கொத்தனாரோ ஓட்டுநரோ மகளை நடுவில் இரண்டு வருஷம் அங்கே சேர்த்துவிட்டுத் திரும்பக் கூட்டிவந்தால், அந்தச் சங்கிலி அறுந்துவிடும். இதைச் சொல்ல அவருக்கு யாரும் இருப்பதில்லை.

சாதிச் சான்றிதழும் எல்லையோடு நின்றுவிடும். ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதியினர், வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அதே பெயர் அங்கும் பட்டியலில் இருந்தாலும் அந்த மாநில அரசின் இட ஒதுக்கீட்டைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் சொன்னது. 2018இலும் அதையே உறுதிசெய்தது.

இந்தக் கணக்கையெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பலர் எல்லையோர ஓசூரில் வீடு எடுக்கிறார்கள். வேலை பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டியிலோ பொம்மசந்திராவிலோ. பிள்ளையின் பள்ளி, ரேஷன் கார்டு, முதலமைச்சர் மருத்துவக் காப்பீடு எல்லாம் தமிழ்நாட்டில். மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை என்றால் கலந்தாய்வில் ஓசூருக்கு மாறுதல் கேட்கலாம். எல்லை தாண்டினால் வேலையையே விட வேண்டிவரும். இதற்கு விலையாக அத்திப்பள்ளி நெரிசலில் காலையும் மாலையும் ஊர்ந்துபோக வேண்டும். அந்த அலுப்பு வேலைக்குப் போகிறவரோடு போய்விடுகிறது. வீட்டிலிருக்கும் நாலு பேரின் வாழ்க்கை கலையாமல் இருக்கிறது. இது நல்ல பேரம்தான்.

போன இடத்தில் உடனே வீடு வாங்குவதும் அவசரம்தான். தமிழ்நாட்டில் 60 லட்ச ரூபாய்க்குத் தனி வீடு வாங்கினால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என 9 சதவீதம், அதாவது 5.4 லட்சம், பதிவு அலுவலகத்திலேயே போய்விடும். ஊர் ஒத்துவராமல் அடுத்த வருஷமே விற்றால் அந்தப் பணம் திரும்பாது. வாடகை வீட்டிலோ, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் சொல்கிறது. பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் வீட்டுக்காரரிடம் தைரியமாக இதை எடுத்துச் சொல்லலாம். ஒரு வடகிழக்குப் பருவமழையையும் ஒரு மே மாதத்தையும் அந்தத் தெருவில் பார்த்துவிட்டு வீடு வாங்கலாம்.

குடும்பங்கள் செய்யக்கூடியது இவ்வளவுதான். மிச்சம் அரசின் கையில் இருக்கிறது. எந்த வகுப்பில் வெளியேறினால் எந்தச் சலுகை போகும் என்பதை, மாற்றுச் சான்றிதழ் கொடுக்கும் அன்றே தலைமை ஆசிரியர் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் சொத்து வரியைக் கணக்காகப் போடும் மாநகராட்சி, அந்தத் தெருவுக்குக் கடந்த ஆண்டு எத்தனை நாள் குடிநீர் விட்டது, எத்தனை நாள் மழைநீர் தேங்கியது என்பதையும் இணையத்தில் போடலாம். இதற்குப் புதிய ஆய்வு எதுவும் தேவையில்லை. எந்தத் தெருவுக்கு என்றைக்குத் தண்ணீர் என்பது வால்வு திறக்கும் ஊழியருக்கு இப்போதே தெரியும்.