காதும் கூலியோடு சேர்த்தியா?

ஆலைச் சங்கு ஊதி நின்றுவிடும். புல்வெட்டும் இயந்திரம் வேலை முடிந்ததும் அணைந்துவிடும். ஆனால் நம் தொழிலாளியின் காதுக்குள் புகுந்துகொண்ட ‘ங்ஙீ’ என்ற ஒலி நடுநிசியிலும் அணைவதில்லை. ஊர் உறங்கும், அவன் காது உறங்காது. வண்டு இரைவதுபோல் ஒருவனுக்கு, விசில் ஊதுவதுபோல் மற்றொருவனுக்கு, ஆவி சீறுவதுபோல் வேறொருவனுக்கு. வைத்தியரிடம் சொல்லத் தயக்கம். மனைவியிடம் சொன்னால் கவலை. மண்டோரிடம் சொன்னால் சிரிப்பு. ஆகவே வாயை மூடிக்கொண்டு காலையில் பெரட்டுக்குப் போகிறான்.

தோழர்களே! இந்த மௌனத்தைத்தான் நாம் உடைக்க விரும்புகிறோம்.

ஜொகூரின் கூலாய் மாவட்டத்தில் இருக்கிறது பண்டார் தெங்காரா. 1972-ல் சட்டம் இயற்றி அமைக்கப்பட்ட ஜொகூர் தென்கிழக்கு வளர்ச்சி வாரியமான ‘கெஜோரா’வின் திட்டப் பகுதியில் எழுந்த ஊர் அது. ஊரைத் தாண்டினால் எத்திசையிலும் செம்பனை. பால்மரத்தை நம்பி வாழ்ந்த நம்மவர் இன்று நாடெங்கும் செம்பனை நிழலில்தான் பிழைக்கிறார்கள். பயிர் மாறியபோது பலவும் மாறின என்று பேசுகிறோம். ஒன்றைப் பேச மறந்தோம்: சத்தம் மாறியது.

பால்வெட்டு சத்தமில்லாத வேலை. இருட்டு விலகுமுன் தலைவிளக்கோடு நிரையில் இறங்குகிறவனுக்குக் காதுதான் காவல்காரன். சருகு அசைந்தால் பாம்பா, கிளை முறிந்தால் பன்றியா என்று காது சொல்லும். இன்றோ கையில் புல்வெட்டும் இயந்திரம், பக்கத்தில் டிராக்டர், மரம் சாய்க்க வாள் இயந்திரம். எண்ணெய் ஆலைக்குள் போனால் கொதிகலன், டர்பைன், பிழியும் இயந்திரம், கொட்டை உடைக்கும் இயந்திரம். ரப்பர் ஆலையிலும் பாலை உருளையில் கொடுத்துத் தகடாக்கும் இடத்தில் பக்கத்து ஆள் பேசுவது கேளாது. காவல்காரனாக இருந்த காதையே நாம் காவு கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இது புதிதாகக் கண்டுபிடித்த நோயா? அன்று. 1700-லேயே இத்தாலிய வைத்தியர் ராமசீனி, செம்பு தட்டும் தொழிலாளருக்குக் காது மந்தமாவதை எழுதிவைத்தார். 1886-ல் கிளாஸ்கோ நகரத்து வைத்தியர் தாமஸ் பார், கொதிகலன் கட்டும் தொழிலாளர் நூறு பேரின் காதைச் சோதித்து, இரைச்சல் செய்த கொடுமையை உலகுக்குக் காட்டினார். தெரியாமல் நடந்தது என்று எந்த முதலாளியும் இன்று சொல்ல முடியாது.

காதுக்குள் நடப்பது என்ன? உட்காதில் நத்தை ஓடுபோல் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. அதனுள்ளே ஏறக்குறைய 15,000 நுண்ணிய மயிரணுக்கள். ஒலி வரும்போது அவை நெல்வயலில் கதிர் அசைவதுபோல் அசைந்து, நரம்புக்குச் செய்தி அனுப்புகின்றன. பேரிரைச்சல் நாள்தோறும் அடித்தால் கதிர் சாய்கிறது. முதலில் சாய்ந்தது ஓய்வு கொடுத்தால் நிமிரும். மறுபடி மறுபடி அடித்தால் முறியும். முறிந்த மயிரணு மனிதனுக்கு மறுபடி முளைப்பதில்லை. வாழைக்குக் கன்று உண்டு. காதுக்குக் கன்று இல்லை.

முதலில் போவது கூர்மையான ஓசைகள்; வினாடிக்கு 4,000 அதிர்வை ஒட்டியவை. ச, த, க போன்ற எழுத்துக்களின் முனை மழுங்குகிறது. ‘பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்றுதான் விளங்கவில்லை’ என்று ஒருவர் சொன்னால், சேதம் அங்கே தொடங்கிவிட்டது என்று அறிக. காதிலிருந்து வரவேண்டிய செய்தி குறையும்போது மூளை தானே ஓர் ஒலியை எழுப்பிக்கொள்கிறது. காதிரைச்சலுக்கு வைத்தியர்கள் கூறும் விளக்கம் இது. நம் முன்னோர் மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா விழுங்கிய நாளில் அவர்களுக்கும் காது இரைந்தது. மருந்தை நிறுத்தியதும் பெரும்பாலும் அதுவும் நின்றது. இயந்திரம் தந்த இரைச்சலோ இயந்திரத்தை நிறுத்திய பிறகும் வீட்டுக்குக் கூடவே வருகிறது.

சட்டம் என்ன செய்தது? 1989-ல் இரைச்சல் விதிகள் வந்தன. அவை 1967-ஆம் ஆண்டின் ஆலைகள், இயந்திரங்கள் சட்டத்தின் கீழ் வந்தவை. எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று எல்லை வகுத்தன. ஆலைக்குள் நிற்பவனைப் பற்றிப் பேசின. வெட்டவெளியில், தோளில் இயந்திரத்தைத் தொங்கவிட்டுப் புல் வெட்டுகிறவன்? அவன் காது அந்த விதிகளின் கண்ணில் படவில்லை. 1994-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் விவசாயத்தையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் அவனுக்கென்று இரைச்சல் அளவு சொல்லும் விதி 2019 ஜூன் முதல் நாள்தான் நடப்புக்கு வந்தது. முப்பது வருஷம்! ஒரு தலைமுறை உழைத்து ஓய்வு பெறும் காலம்.

புதிய விதிப்படி எல்லை 85 டெசிபல், நாளொன்றுக்கு எட்டு மணி நேரம். மூன்று டெசிபல் கூடினால் ஒலியின் சக்தி இரட்டிப்பாகிறது. அனுமதித்த நேரம் பாதியாகிறது. 88 என்றால் நான்கு மணி. 91 என்றால் இரண்டு மணி. 94 என்றால் ஒரு மணி. 97 என்றால் அரை மணி. புல்வெட்டும் இயந்திரத்தைப் பிடித்திருப்பவன் காதருகே 95-ஐத் தாண்டுவது சாதாரணம். 97-லேயே நான்கு மணி நேரம் வெட்டினால் என்ன ஆகிறது? எட்டு நாளைக்குத் தாங்கவேண்டிய இரைச்சலை அவன் காது ஒரே காலையில் வாங்குகிறது. சம்பளச் சீட்டில் இந்தக் கணக்கு எங்கே இருக்கிறது என்று கேட்கிறோம்.

இதற்கு நிர்வாகங்களின் வழக்கமான பதில்கள் நமக்குப் பாடம்.

‘வயசாச்சு’ என்பார்கள். வயதானால் காது மந்தமாகும், மறுக்கவில்லை. நாற்பது வயதுக்காரனுக்கு ஏன் என்பதே கேள்வி.

‘கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி வைக்கிறீர்களே’ என்பார்கள். உண்மை. நம் ஒலிபெருக்கியையும் குறைக்கத்தான் வேண்டும். தவிலுக்குப் பக்கத்தில் குழந்தையை உட்காரவைக்கவும் கூடாது. ஆனால் திருவிழா வருஷத்தில் சில நாள். இயந்திரம் வாரத்தில் ஆறு நாள். சிலநாள் சத்தத்தைக் காட்டி ஆறுநாள் சத்தத்தை மறைப்பது நியாயமா?

‘காதடைப்பான் கொடுத்தோமே, அவன் போடவில்லை’ என்பார்கள். இங்கேதான் வழக்கின் உயிர்நிலை. காதடைப்பான் கடைசிப் பாதுகாப்பு. முதல் பாதுகாப்பு அன்று. இரைச்சலைப் பிறக்கும் இடத்தில் குறை; தேய்ந்த பாகத்தை மாற்று; சைலன்சர் உடைந்த இயந்திரத்தை ஓட்டாதே; ஆலையில் இரைச்சலுக்கு உறை கட்டு; ஆளை முறைமாற்றி வை. இவை முடிந்தபின் மிஞ்சும் இரைச்சலுக்குத்தான் காதடைப்பான். மேலும், வியர்வை வழியும் வெயிலில் காதில் நிற்காத அடைப்பானைக் கொடுத்துவிட்டுப் பிறகு குறை சொல்வது என்ன தர்மம்? 30 டெசிபல் தடுக்கும் நல்ல அடைப்பானையும் வேலை நேரத்தில் பாதிநேரம் கழற்றி வைத்தால் கிடைக்கும் பாதுகாப்பு மூன்று டெசிபல்தான். ஆகவே காதுக்குப் பொருந்துவதைக் கொடுக்கவேண்டும்; மாட்டும் முறையைக் கற்றுக்கொடுக்கவேண்டும். பெட்டியில் போட்டு ஆபீசில் வைத்துவிட்டுக் கையெழுத்து வாங்குவது பாதுகாப்பு ஆகாது, கணக்குக் காட்டல்.

‘அவன் கொந்திராக்ட்காரனின் ஆள், நம் ஆள் இல்லை’ என்பார்கள். 2022-ல் திருத்தி, 2024 ஜூன் முதல் நாள் நடப்புக்கு வந்த சட்டம் இந்த வாயையும் அடைத்துவிட்டது. வேலையைக் கொந்திராக்டுக்கு விடுகிறவருக்கும் பாதுகாப்புக் கடமை உண்டு என்கிறது அது. பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் முதலாளிக்கு 5 இலட்சம் வெள்ளிவரை அபராதம், இரண்டு வருஷம்வரை சிறை. இந்தோனேசியத் தொழிலாளி, வங்காளதேசத் தொழிலாளி, நேப்பாளத் தொழிலாளி எவருக்கும் காது இரண்டுதான். அவர்களையும் சேர்த்தே நாம் கேட்கிறோம்.

இனி, ஏற்கெனவே காது இரைகிற தோழருக்குச் சில வார்த்தை.

முதலில், பயம் வேண்டாம். இது பேயும் அல்ல, பைத்தியமும் அல்ல. 2022-ல் வெளிவந்த ஒரு கணிப்பின்படி உலகில் 74 கோடிப் பேருக்கு இந்தத் தொல்லை உண்டு. அறவே ஒழிக்கும் மாத்திரை எதுவும் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. ஆகவே அப்படிச் சொல்லி விற்கும் சொட்டு மருந்துக்காரனிடம் சம்பளத்தைக் கொடுக்காதீர்கள். காதில் காய்ச்சிய எண்ணெய் ஊற்றாதீர்கள். தீக்குச்சியும் கோழியிறகும் நுழைக்காதீர்கள். அழுக்கு அடைத்தும் காது இரையும். அதை எடுக்கக் கிளினிக்கில் வழி இருக்கிறது.

நிசப்தத்தில் இரைச்சல் பெரிதாகத் தெரியும். ஆகவே படுக்கையில் காற்றாடி ஓடட்டும். வானொலி மெல்லப் பாடட்டும். ஒலி ஒலியை மறைக்கும். கவனத்தை அதிலேயே வைத்துக் கணக்குப் பார்த்தால் அது வளரும். கவனத்தைப் பிறவற்றில் செலுத்தப் பழகினால் நாளடைவில் மூளை அதைப் பொருட்படுத்தாது. இதற்கென்று மனப்பயிற்சி அளிக்கும் வல்லுநரும் உண்டு. செவிப்புலன் குறைந்தவருக்குக் காதுக்கருவி பேச்சையும் தெளிவாக்கும், இரைச்சலையும் தணிக்கும். மூக்குக்கண்ணாடி போட வெட்கப்படாதவர் காதுக்கருவிக்கு ஏன் வெட்கப்படவேண்டும்?

ஆனால் சில அறிகுறிகளுக்கு ஒருநாளும் தாமதம் கூடாது. ஒரு காது திடீரென்று கேளாமற்போனால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாள் கடந்தால் மருந்து பலிக்கும் வாய்ப்புக் குறையும். ஒரே காதில் மட்டும் இரைச்சல், நாடித்துடிப்போடு சேர்ந்து அடிக்கும் இரைச்சல், தலைசுற்றல், சீழ், இவற்றையும் வைத்தியரிடம் காட்டியே தீரவேண்டும்.

வீட்டிலிருக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அவர் பதில் சொல்லாதது அலட்சியத்தால் அல்ல. கத்தாதீர்கள்; எதிரே நின்று, முகம் தெரிய, நிதானமாகப் பேசுங்கள். காது போனவன் மெல்ல மெல்லப் பேச்சையே குறைத்துக்கொள்கிறான். கலியாண வீட்டில் ஓரமாக உட்காருகிறான். சங்கக் கூட்டத்துக்கும் வருவதில்லை. ஒரு தொழிலாளி கேளாதவனானால் குடும்பம் ஒரு துணையை இழக்கிறது. சங்கம் ஒரு குரலை இழக்கிறது. பின்னால் வரும் டிராக்டரும், சாயும் மரத்துக்கு எழும் எச்சரிக்கைக் கூச்சலும் அவனுக்குக் கேளா. அப்போது போவது காது மட்டுமா?

நஷ்டஈடு உண்டா? உண்டு. 1969-ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் தொழில் நோய்களின் பட்டியலில் இரைச்சலால் வரும் காது பழுதும் இருக்கிறது. சொக்சோவில் மனுச் செய்யலாம். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. காது பழுது தொழிலால் வந்தது என்று காணும் வைத்தியர் ஏழு நாளைக்குள் பாதுகாப்பு இலாகாவுக்கு அறிவிக்கவேண்டும் என்பது 2004-ஆம் ஆண்டு விதி. அந்த இலாகாவுக்குச் சமீப ஆண்டுகளில் வந்த தொழில் நோய் அறிக்கைகளில் பெருவாரி காது பழுதுதான். அப்படியிருந்தும் மனுச் செய்யாதவர் எத்தனை பேர்! எந்த வருஷம், எந்த இயந்திரம், எத்தனை மணி நேரம் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் இன்றே எழுதத் தொடங்குங்கள். வாய்ச்சொல்லைவிட எழுத்து பேசும்.

தோட்டந்தோறும் நாம் கேட்கவேண்டியவை ஐந்து.

ஒன்று: ஆலையில் மட்டுமல்ல, வெளிக்காட்டு வேலையிலும் இரைச்சலை அளக்கவேண்டும், அளவைத் தொழிலாளிக்குச் சொல்லவேண்டும்.

இரண்டு: எல்லை தாண்டிய இடத்தில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் செவிச் சோதனை நடக்கவேண்டும். காதுக்கு ஓய்வு கொடுத்த பின்பே சோதிக்கவேண்டும். முடிவைத் தொழிலாளியின் கையில், அவனுக்கு விளங்கும் மொழியில் கொடுக்கவேண்டும்.

மூன்று: சோதனைக்கோ காதடைப்பானுக்கோ ஒரு காசும் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது. 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. சோதனைக்குப் போன நாளுக்குச் சம்பளமும் பிடிக்கக் கூடாது.

நான்கு: பழைய இயந்திரங்களைப் பழுதுபார்க்கவேண்டும், புதிது வாங்கும்போது விலையோடு இரைச்சலையும் பார்க்கவேண்டும்.

ஐந்து: சோதனையில் காது பழுது என்று தெரிந்தால் இரைச்சல் இல்லாத வேலைக்கு மாற்றவேண்டும், கூலியைக் குறைக்கக் கூடாது. இல்லையேல் சோதனைக்கே ஆள் வரமாட்டான்.

நாற்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்கவேண்டும். அதில் தொழிலாளியின் பிரதிநிதியும் உட்காரவேண்டும். அந்த நாற்காலி காலியாக இருந்தால் குற்றம் நம்முடையது. பிராது கொடுத்தால் வேலை போகுமோ என்ற அச்சமும் வேண்டாம். பாதுகாப்புப் பற்றிப் புகார் செய்தவனை அதற்காக வேலையை விட்டு நீக்குவதை 27-ஆம் பிரிவு தடுக்கிறது.

தோழர்களே! கூலி என்பது உழைப்புக்கு விலை. உறுப்புக்கு விலை அன்று. கையை வெட்டிக்கொடு என்று கேட்டால் நாம் சும்மா இருப்போமா? காதைக் கொஞ்சங் கொஞ்சமாக, இரத்தம் சிந்தாமல் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதாலேயே வாளா இருக்கலாமா? பண்டார் தெங்காராவிலும், ஜொகூரின் மற்றத் தோட்டங்களிலும், நாடு முழுவதிலும் அடுத்த கிளைக்கூட்டத்தில் இது முதல் பிரச்னையாக வரட்டும். நம் காது முற்றும் போகுமுன் நிர்வாகத்தின் காதில் நம் குரல் விழட்டும்!