மாநிறத்தில் விழுந்த ஒளி

முத்துப்பேட்டைப் பக்கத்து ஓட்டு வீடுகளில் பிற்பகல் வெயில் முற்றத்தில் விழுந்து, தாழ்வாரத்தைத் தொட்டு, அடுக்களை வாயிலை எட்டுமுன் பாதி இருளாகிவிடும். அந்த அரையிருளில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கும் பெண்ணை நாம் ஏறிட்டுப் பார்ப்பதில்லை, அன்றாடம் காண்பதுதானே!

அவளை நின்று பார்த்த ஓவியர் ஒருவர் நம் காவிரி நாட்டிலேயே இருந்தார். கும்பகோணத்தை அடுத்த செம்பியவரம்பலில் 1979-ஆம் ஆண்டு பிறந்த இளையராஜா அவர். (இசைஞானியின் பெயரே இவருக்கும், ஆள் வேறு.) கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் 2001-இல் பட்டமும், சென்னையில் 2003-இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். வாயிற்படியிலும் சன்னலோரத்திலும் நிற்கும் நம் ஊர்ப் பெண்களை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். 'திராவிடப் பெண்கள்' என்னும் அவ்வோவிய வரிசை அவருக்குப் பெரும்பெயர் ஈட்டித் தந்தது.

"புகைப்படம் போலவே இருக்கிறதே" என்று வியப்போர் பலர். அது சிறிய பாராட்டு என்பேன். எண்ணெய் வண்ணத்தில் அப்படியென்ன அருமை? நீர் வண்ணம் நம் வெயிலில் சில நிமிடங்களில் உலர்ந்துவிடும். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணமோ காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று மெல்ல மெல்ல இறுகுவது. அதற்கு நாட்கள் செல்லும். அந்த ஈரம் நீடிக்கும்வரை ஒளியையும் நிழலையும் தூரிகையால் ஒன்றுக்குள் ஒன்றாகக் கரைக்கலாம். உலர்ந்தபின் மேலே மெல்லிய வண்ணப் பூச்சுகளை இட்டு நிழலை ஆழப்படுத்தலாம்.

இந்தப் பொறுமை மாநிறத்திற்கு மிகவும் வேண்டும். நிறம் குறைந்த முகமென்று கறுப்பைக் கலந்தால் முகம் செத்துப்போகும். பழுப்பு, செம்மண், மஞ்சள், ஒளி படும் மேட்டில் வானத்தின் மெல்லிய நீலம் என எல்லாம் சேர்ந்தால்தான் அந்தத் தோல் உயிர்பெறும்.

இவ்வளவு பாடுபட்டு அந்நிறத்தை யார் தீட்டினார்கள்? 1894-இல் இரவிவர்மா தொடங்கிய அச்சகத்துப் படங்கள் முதல் நாட்காட்டிகள் வரை, அழகு பெரும்பாலும் வெளுப்பாகவே நம் சுவர்களில் தொங்கியது. நம் வீட்டுத் திருஇருதயப் படமும் ஐரோப்பிய முகத்தோடுதான் வந்தது. பெண் பார்க்கும் பேச்சில் "நல்ல குணம், நிறந்தான் கொஞ்சம் மட்டு" என்று நம் திண்ணைகளில் இன்றும் கேட்கிறதே! உள்ளறையில் நிற்கும் பெண்ணுக்கு அது கேட்காதா? புகைப்பட நிலையத்தாரிடம் "கொஞ்சம் வெளுப்பாக்கித் தாருங்கள்" என்று கேட்பவர்களும் பெற்றோர்தாமே. இளையராஜா வெளுப்பாக்கவில்லை. சன்னல் ஒளி முழுவதையும் அந்த மாநிறத்தின் மீதே விழச் செய்தார்.

2021 சூன் 6-ஆம் நாள் கொரோனா நோய் அவரைக் கொண்டுபோயிற்று. நாற்பதைச் சற்றே கடந்த வயது. அன்று கைப்பேசிகளில் அவருடைய ஓவியங்கள் ஊரூராகப் பரவின. அதுவரை அவர் பெயரையே அறியாதவர்களும் பார்த்தார்கள்.

உங்கள் கைப்பேசியிலும் அவை கிடைக்கும். வீட்டுப் பெண்பிள்ளைகளை அருகில் அமர்த்தி, ஒரு படத்தைப் பெரிதாக்கி, கன்னத்து நிழலில் எத்தனை வண்ணங்கள் உள்ளன என்று அவர்களை எண்ணச் சொல்லுங்கள்.