முதலாவது சவரக்கத்திக்கு எவ்வளவு செலவிடலாம்?

எமது அலுவலகத்தில் ஒப்புநோக்குநராகப் பணியாற்றும் இளைஞர் ஒருவர் சென்ற மாதம் தமது கைத்தொலைபேசியை என் மேசையில் வைத்தார். திரையில் ஒரு மடக்குச் சவரக்கத்தி. மினுங்கும் அலகு, செதுக்கு வேலைப்பாடு கொண்ட பிடி, வெல்வெட் உறை. "அண்ணை, நல்ல மலிவாக் கிடக்கு. வாங்கட்டோ?" என்றார். "பொறும் தம்பி" என்றேன். அன்றைய பக்க வேலைகளுக்கிடையே காரணத்தை விளக்க அவகாசம் கிடைக்கவில்லை. இங்கே எழுதிவைக்கிறேன். புலம்பெயர்ந்து வாழும் வாசகர் சிலருக்கும் இது பயன்படக்கூடும். நல்ல பழைய கத்திகள் அகப்படுவது உங்கள் பக்கத்திலேதான்.

நானும் அதே தவறைச் செய்தவன். 2022இல் டொலரின் பெறுமதி 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறிய மாதங்களில், இறக்குமதியாகும் சவர அலகுகளின் விலை எனது சம்பளத்துக்கு ஒவ்வாததாயிற்று. ஆயுள் முழுவதற்கும் ஒரே கத்தி என்ற எண்ணம் என்னைக் கவர்ந்தது. கடையொன்றில் புத்தம் புதிய கத்தியொன்றை மலிவாக வாங்கினேன். அது மயிரை வெட்டவில்லை, இழுத்தது. கன்னத்தில் மூன்று இடங்களில் பஞ்சை ஒட்டிக்கொண்டு ஆசிரிய பீடக் கூட்டத்தில் அமர்ந்திருந்தேன். பல வாரங்களாக எனது கையில்தான் பிழை என்று நம்பினேன்.

மலிவான புதிய கத்தியின் உண்மையான தீங்கு இதுவே. காசு போவது ஒருபுறமிருக்க, பிழை கையிலா கத்தியிலா என்பதைப் புதிதாகப் பழகுபவர் அறிய வழியில்லை. கையைக் குறைகூறிக்கொண்டே முயற்சியைக் கைவிடுகிறார்.

இக்கத்தியைச் சாணை பிடிக்கும்போது அதன் முதுகும் கூர்விளிம்பும் ஒருங்கே கல்லில் படிய வேண்டும். முதுகின் தடிப்பே கூரின் கோணத்தைத் தீர்மானிக்கிறது. அலகு சற்றே முறுகியிருந்தால் விளிம்பின் ஒரு பகுதி கல்லைத் தொடாமலே போய்விடும். என்னுடையதைக் கண்ணாடி மேசையில் கிடத்திப் பார்த்தேன். ஒற்றைக் கால் கட்டையான கதிரையைப் போல ஆடியது.

ஆகவே எனது ஆலோசனை: பணம் குறைவாக இருப்பவர் பழைய கத்தியையே வாங்க வேண்டும். ஆங்கிலேய நகரமான ஷெஃபீல்டிலும் ஜேர்மனிய நகரமான சோலிங்கனிலும் சவரக்கத்திகள் அன்றாடப் பாவனைப் பொருளாகச் செய்யப்பட்ட காலம் ஒன்றிருந்தது. சாதாரண கத்தியும் அக்காலத்தில் நேராகவே இருந்தது. அல்லாவிடில் மறுநாளே திரும்பி வந்திருக்கும். ஜிலெட்டின் காப்புறுதிச் சவரக்கருவிக்கு 1904இல் காப்புரிமை கிடைத்தது. அதன் பின்னர் மடக்குக் கத்திகள் படிப்படியாகப் பெட்டகங்களுக்குள் போயின. அவையே இன்று பழம்பொருட் சந்தைகளுக்கு வருகின்றன. முத்திரைகளைப் படிப்பதிலும் ஒரு சுவாரசியம் உண்டு. ஜேர்மனியப் பொருட்கள் ஷெஃபீல்டின் பெயரைத் தாங்கி வருகின்றன என்ற முறைப்பாடுகளும் 1887ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டத்துக்குக் காரணமாயின. 'ஜேர்மனியில் தயாரிக்கப்பட்டது' என்ற சொற்கள் முதலில் ஓர் எச்சரிக்கையாகவே பொறிக்கப்பட்டன. பின்னர் அவையே தரத்தின் அடையாளமாயின. பிரித்தானியருக்கு இது கசந்திருக்கும்.

2023இல் இலண்டனில் மைத்துனர் வீட்டில் தங்கியிருந்தபோது, போர்ட்டோபெல்லோ வீதியின் சனிக்கிழமைச் சந்தையில் அத்தகைய கத்தியொன்றை 12 பவுணுக்கு வாங்கினேன். பிடி மங்கியிருந்தது, அலகில் கரும்புள்ளிகள் இருந்தன. அவை குற்றமல்ல. கூர்விளிம்பில் துருவோ மயிரிழை வெடிப்போ இருந்தால் மட்டும் அப்படியே திருப்பி வைத்துவிடுங்கள். விளிம்பு நேராகவோ சற்று வெளிவளைந்தோ இருக்கலாம், உள்வளைந்திருத்தல் ஆகாது. அகலம் அங்குலத்தின் எட்டில் ஐந்து பங்கு, நுனி வட்டம். கூரிய நுனி காதோரத்தில் என்ன செய்யும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. விமானத்தில் வருபவர்கள் அதனைக் கைப்பையில் வைத்துவிட வேண்டாம்.

மிச்சமிருக்கும் பணத்தைச் சாணைக்கல்லில் போடாதீர்கள். சொரசொரப்பானதிலிருந்து மிக நுண்ணியது வரை மூன்று கற்களாவது வேண்டும். அவற்றின் விலை கத்தியின் விலையைப் பன்மடங்கு மிஞ்சும். முதற் கூரைத் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்துப் பிடிப்பியுங்கள். எனக்கு அதற்கு 15 பவுண் சென்றது. கத்தியைவிடக் கூருக்கு அதிகம் கொடுத்தேன் என்று மைத்துனர் சிரித்தார். அந்தக் கூரோடு முதல்முறை மழித்தபோது எனது கை குற்றமற்றது என்பது தெரிந்தது.

அடுத்தது தோல்வார். சிறு வயதில் ஊர்ச் சலூனில் நாற்காலியோரம் தொங்கிய வாரில் கத்தி மாறிமாறிப் படும் ஓசை இன்னும் காதில் இருக்கிறது. ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னர் ஐம்பது தடவையாவது, முதுகு முன்னே செல்ல, அழுத்தாமல் இழுக்க வேண்டும். புதிதாகப் பழகுபவர் முதல் வாரை வெட்டியே தீருவார். எனவே அதனை மட்டும் மலிவாக வாங்கலாம். கொழும்பின் ஈரக்காற்றில் ஓரிரவிலேயே துரு பிடிக்கும். துடைத்து உலர்த்தி, தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி பூசி வையுங்கள்.

அலகை மாற்றக்கூடிய சலூன் கத்தியில் தொடங்கினால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். அதற்குச் சாணையும் வேண்டாம், வாரும் வேண்டாம். சலூன்களுக்கு அதுவே சுகாதாரமானதும். ஆயினும் அந்த மெல்லிய அலகு சிறு பிழையையும் மன்னிப்பதில்லை. அதில் பழகிய கை மடக்குக் கத்திக்கு மீண்டும் பழக வேண்டியிருக்கும். செலவைக் குறைப்பது மாத்திரமே நோக்கமென்றால், எங்கள் தகப்பன்மார் பாவித்த இருபக்க பிளேட் போடும் சவரக்கருவியே போதும். மடக்குக் கத்தி சிக்கனத்துக்கான வழி என்று நான் 2022இல் எண்ணியது பாதிப் பொய். காலையில் பதினைந்து நிமிடம் வேறெதையும் நினையாமல் நிற்க விரும்புபவருக்கே அது பொருந்தும்.

தம்பி இன்னும் எதையும் வாங்கவில்லை. மார்கழியில் மைத்துனர் இலண்டனிலிருந்து வருகிறார். வட்ட நுனி, எட்டில் ஐந்து பங்கு, வெடிப்பில்லாதது என்று எழுதியனுப்பியிருக்கிறேன்.