உறுதி உண்டு, காவல் உண்டா?

காணி உறுதி பெட்டிக்குள் இருக்கிறது. காணியிலோ அயலான் அறுவடை செய்கிறான். உறுதியால் உடையவனுக்கு என்ன பயன்? புதியன கண்டுபிடிக்கும் எளியோருக்குச் சட்டம் வழங்கும் ஆக்கவுரிமையும் இத்தகையதே என்கிறோம்.

அமெரிக்காவில் றொபேட் கேர்ன்ஸ் என்பார், மோட்டார் வண்டியின் முன்கண்ணாடியில் விட்டுவிட்டு இயங்கும் மழைநீர்த் துடைப்பானை ஆக்கினார். போட் கம்பனியின் பொறியியலாளருக்கு அதனை இயக்கியும் காட்டினார். 1967 இல் ஆக்கவுரிமை பெற்றார். 1969 இல் அக்கம்பனி, அவருடைய அனுமதியின்றியே, அத்தகைய துடைப்பானைத் தன் வண்டிகளிற் பொருத்தியது. 1978 இல் அவர் வழக்குத் தொடுத்தார். உரிமை மீறப்பட்டதென யூரிமார் தீர்த்தது 1990 இல். ஒரு கோடி டொலருக்குச் சற்று மேலான தொகை கிடைத்ததும் அவ்வாண்டிலேயே. அதற்குள் 17 ஆண்டுக் காப்புக்காலமே கழிந்துவிட்டது!

"வென்றாரே!" என்பர் சிலர். கேர்ன்ஸ் விரும்பியது பணமன்று. தம் பொறியைத் தாமே உற்பத்தி செய்யும் உரிமையே. அது கிட்டவேயில்லை.

ஆக்கவுரிமை வேண்டாமென்று நாம் கூறவில்லை. அதுவும் இல்லாதிருந்தால் அவர் நீதிமன்றப் படியையே மிதித்திருக்க முடியாது. ஆனால், காவலில்லா உரிமை வெறுங் காகிதமே. இத்தகைய வழக்குகளைக் குறித்த காலத்துக்குள் முடித்தல் வேண்டும். எளியோனின் வழக்குச் செலவை அரசு தாங்குதல் வேண்டும். அதுவரை நீதியின் தராசு பணப்பெட்டியின் பக்கமே சாயும்!