உயர்ந்த காரும் உரிந்த டயரும்

அமெரிக்காவில் இன்று ஒரு வியாபாரம் அமோகமாக நடக்கிறது. மனைவி மக்களோடு போய்வர வாங்கிய பெரிய காரை - எஸ்.யூ.வி. என்று சொல்கிறார்களே, அந்தக் காரைத்தான் - பட்டறையில் விட்டு இரண்டு அங்குலம், மூன்று அங்குலம் தூக்கிக் கட்டுகிறார்கள். நன்றாக இருக்கும் சக்கரங்களைக் கழற்றிவிட்டுப் புதிய, அகலமான சக்கரங்களை மாட்டுகிறார்கள். காடு, மேடு, கல், சேறு எல்லாவற்றிலும் ஓடும் என்று விளம்பரம் செய்யப்படும் 'ஆல் டெரெய்ன்' டயர்களைப் பூட்டுகிறார்கள். இத்தனையும் செய்த பிறகு அந்த வண்டி எந்தக் காட்டுக்குப் போகிறது? பெரும்பாலும் வழவழப்பான ரோட்டில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, ஐயாவை ஆபீஸில் இறக்கிவிட்டுத் திரும்பி வருகிறது!

மில்லில் நூல் இழுப்பவருக்கும் வயலில் நாற்று நடுபவருக்கும் இந்தச் சங்கதி எதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. இப்படிப்பட்ட டயர்களின் சரித்திரத்தில் ஒரு வேலைநிறுத்தம் இருக்கிறது. பன்னிரண்டு மணி நேர ஷிப்டு இருக்கிறது. கருங்காலிகளை வைத்து நடத்திய உற்பத்தி இருக்கிறது. கடைசியில் நூற்றுக்கணக்கான பிணங்களும் இருக்கின்றன. அதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

தூக்கிக் கட்டினால் என்ன ஆகும்?

காரைத் தூக்குவது பெரிய மந்திரமல்ல. இருக்கிற ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு உயரமான ஸ்பிரிங்கைப் போடுகிறார்கள். அல்லது ஸ்பிரிங்குக்கு முட்டுக் கொடுத்ததுபோல் ஓர் உலோகத் துண்டைச் செருகுகிறார்கள். டயரின் குறுக்களவு இரண்டு அங்குலம் கூடினால் வண்டி மேலும் ஓர் அங்குலம் உயர்கிறது. பள்ளத்தில் அடிப்பாகம் இடிக்காது என்பது வாஸ்தவம்தான். ஆனால் வண்டியின் பாரமும் மேலே ஏறிவிடுகிறது.

வைக்கோல் வண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பாரத்தை மேலே மேலே அடுக்கினால், வாய்க்கால் மேட்டில் ஒரு சக்கரம் ஏறும்போதே வண்டி குடை சாய்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் திடீரென்று திரும்பும்போதும் இதே கதைதான். கனமான டயரும் சக்கரமும் போட்டால் பிரேக்குக்கு வேலை அதிகம், பெட்ரோல் செலவும் அதிகம்.

நியாயத்தையும் சொல்லிவிடுவோம். மலையிலும் பனியிலும் மண் பாதையிலும் வேலை செய்கிறவருக்கு இத்தகைய டயர் ஒரு கருவி. நமக்கு மண்வெட்டி எப்படியோ, அவருக்கு அது அப்படி. அவரைப் பற்றி நமக்கு வழக்கில்லை. தேவையில்லாதவரிடம் தேவை என்று சொல்லி விற்கிறானே முதலாளி, அவனைப் பற்றித்தான் வழக்கு.

பயத்தை விற்கும் வியாபாரம்

இந்த ஆசை தானாக முளைத்ததல்ல. 1975ல் அமெரிக்க சர்க்கார் கார்கள் இவ்வளவு பெட்ரோலில் இவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. சிறிய லாரி வகைகளுக்கு மட்டும் அதில் தளர்வு இருந்தது. முதலாளிகள் சும்மா இருப்பார்களா? லாரியின் அடிச்சட்டத்தின் மேல் குடும்பக் காரின் உடம்பை ஏற்றினார்கள்; சட்டத்தின் கண்ணுக்கு அது லாரி, வாங்குகிறவர் கண்ணுக்கு அது கார். லாபம் கொழித்தது.

குடும்பஸ்தரிடம் என்ன சொல்லி விற்றார்கள்? "உயரத்தில் உட்கார்ந்தால் உன் பிள்ளைகள் பத்திரம்" என்றார்கள். அவர் முட்டாள் அல்ல. பிள்ளைகளுக்காகப் பயப்படும் தகப்பன். பக்கத்து வீட்டுக்காரர் உயர்ந்த கார் வாங்கினால் தம்முடைய தாழ்ந்த கார் நசுங்கிவிடுமே என்று பயப்படுகிறார். தாமும் உயர்ந்த கார் வாங்குகிறார். எல்லோரும் வாங்கிய பிறகு, இன்னும் இரண்டு அங்குலம் தூக்கச் சொல்கிறது அடுத்த விளம்பரம். இந்தப் பந்தயத்துக்கு முடிவே இல்லை. ஜெயிப்பது கம்பெனி மட்டுமே.

ஒரு கணக்கையும் பாருங்கள். இந்த ரக டயர் நான்கு வாங்க ஆயிரம் டாலர் சுலபமாகச் செலவாகும். அதே அமெரிக்காவில் மத்திய சர்க்கார் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி 2009 ஜூலையில் மணிக்கு 7.25 டாலர் ஆயிற்று. அதற்குப் பிறகு உயரவே இல்லை. அந்தக் கூலி வாங்கும் தொழிலாளி நான்கு டயருக்கு 138 மணி நேரம், அதாவது மூன்றரை வாரம், பட்டினி கிடந்து உழைக்க வேண்டும். கார் உயர்ந்திருக்கிறது, டயர் உயர்ந்திருக்கிறது, கூலி உயரவில்லை!

டிகேட்டர் நகரில் நடந்தது

இனி டயருக்குள் இருக்கும் கதைக்கு வருவோம். 1990ல் ஃபோர்டு கம்பெனி 'எக்ஸ்புளோரர்' என்ற குடும்ப எஸ்.யூ.வி.யைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற எஸ்.யூ.வி. இதுவே. இதற்கு டயர் கொடுத்தது ஃபயர்ஸ்டோன். அந்த டயர்களில் ஒரு ரகத்துக்கு 'வில்டர்னஸ் ஏ.டி.' என்று பெயர் - வனாந்தரத்தின் பெயரைச் சூட்டிய ஆல் டெரெய்ன் டயர்!

ஃபயர்ஸ்டோனை 1988ல் ஜப்பானியக் கம்பெனியான பிரிட்ஜ்ஸ்டோன் வாங்கியிருந்தது. 1994ல் நிர்வாகம் தொழிலாளர்கள் முன் தன் நிபந்தனைகளை வைத்தது. எட்டு மணி ஷிப்டு போய்ப் பன்னிரண்டு மணி ஷிப்டு வர வேண்டும். அதுவும் பகலும் இரவும் மாறி மாறி. புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கூலி நூற்றுக்கு முப்பது குறைவு. தொழிலாளர்கள் ஏற்க மறுத்தார்கள். 1994 ஜூலையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. இல்லினாய் மாநிலத்தின் டிகேட்டர் நகரில் இருந்த ஆலையும் அதில் ஒன்று. அந்தச் சிறு நகரில் அப்போது கேட்டர்பில்லர் தொழிலாளர்களும் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். ஸ்டேலி மக்காச்சோள ஆலையில் கதவடைப்பு. ஊரே போர்க்களமாக இருந்தது.

நிர்வாகம் பேச்சுவார்த்தையால் தீர்க்கவில்லை. கருங்காலிகளைக் கொண்டுவந்தது, இவர்களே இனி நிரந்தரத் தொழிலாளர்கள் என்று 1995 ஜனவரியில் அறிவித்தது. பத்து மாதப் பட்டினிக்குப் பிறகு 1995 மே மாதத்தில் சங்கம் நிபந்தனையின்றி வேலைநிறுத்தத்தை முடித்துக்கொள்ள நேர்ந்தது. சிறுகச் சிறுகத் திரும்ப எடுக்கப்பட்டவர்கள் கருங்காலிகளோடு தோளுரசி நின்று டயர் செய்தார்கள். 1996 டிசம்பரில்தான் ஒப்பந்தம் ஏற்பட்டது.

முதலாளி ஜெயித்துவிட்டான் என்று பத்திரிகைகள் எழுதின. டயர் என்ன சொல்லிற்று?

ஓடும் வண்டியில் டயரின் மேல்தோல் உரிந்து பறந்தது. உயரமான கார் நிலை தடுமாறிக் குடை சாய்ந்தது. உள்ளே இருந்தவை யாவும் குடும்பங்கள். 2000 ஆகஸ்டு 9ந் தேதி ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயர்களைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக அறிவித்தது. டிகேட்டரில் செய்த 'வில்டர்னஸ் ஏ.டி.' டயர்களும் அவற்றில் அடக்கம். அமெரிக்க சர்க்காரின் கணக்குப்படி இந்த டயர்கள் சம்பந்தப்பட்ட விபத்துகளில் இறந்தவர்கள் 271 பேர்.

பிறகு இரண்டு முதலாளிகளும் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்தார்கள். "டயர் மோசம்" என்றது ஃபோர்டு. "கார் மோசம்" என்றது ஃபயர்ஸ்டோன். இரண்டிலும் உண்மை இருந்தது. வண்டி குடை சாயும் அபாயத்தைக் குறைக்கக் காரின் அமைப்பைத் திருத்துவதற்குப் பதிலாக, டயரில் 26 பவுண்டு காற்று போதும் என்று ஃபோர்டு சொல்லியிருந்தது. காற்றுக் குறைந்தால் டயர் சூடேறும் என்பதை சைக்கிள் கடைப் பையனும் அறிவான்.

டிகேட்டர் டயர்கள் ஏன் இவ்வளவு மோசமாயின? ஆலன் க்ரூகர், அலெக்ஸாண்டர் மாஸ் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் இதை ஆராய்ந்து 2004ல் வெளியிட்டார்கள். இவர்கள் செங்கொடி பிடித்தவர்கள் அல்ல. க்ரூகர் பிற்காலத்தில் ஜனாதிபதி ஒபாமாவின் பொருளாதார ஆலோசகர் குழுவுக்கே தலைவராக இருந்தவர். அவர்கள் கண்டது என்ன? 1994 தொடக்கத்தில் நிர்வாகம் கூலியைக் குறைக்கச் சொன்ன மாதங்களிலும், 1995 கடைசியிலிருந்து 1996 வரை கருங்காலிகளும் பழைய தொழிலாளர்களும் அருகருகே வேலை செய்த மாதங்களிலும் செய்த டயர்களே அதிகமாகக் கெட்டன. தொழில் தகராறுக் காலத்தில் அந்த ஒரே ஆலையில் உண்டான கூடுதல் பழுதுகளால் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயிருக்கும் என்று மதிப்பிட்டார்கள்.

நம் ஸ்பின்னிங் தொழிலாளிக்கு இது புதிய செய்தியா? இரவு ஷிப்டின் கடைசி மணியில் கண் சொக்கும்போது இழை எப்படி அறுகிறது, கை எப்படித் தடுமாறுகிறது என்பது அவருக்குத் தெரியும். நூல் அறுந்தால் பிணைத்துவிடலாம். டயர் உரிந்தால்?

அந்த ஆலையின் முடிவையும் கேளுங்கள். 2001 டிசம்பரில் நிர்வாகம் அதை இழுத்து மூடியது. லாபவெறி செய்த குற்றத்துக்கு தண்டனை, சுமார் 1,500 தொழிலாளர்களின் வேலை!

நடந்து போகிறவருக்கு யார் பாதுகாப்பு?

காருக்குள் இருப்பவரின் கதை இது. வெளியே நடந்து போகிறவர் கதி என்ன? தாழ்ந்த கார் மோதினால் காலில் அடிபடும். உயர்ந்த கார் மோதினால் நெஞ்சிலும் தலையிலும் அடிபடும். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு இன்சூரன்ஸ் நிலையம் சுமார் 18,000 விபத்துகளை ஆராய்ந்து 2023ல் ஒரு முடிவைச் சொல்லிற்று: முன்மூடி 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டி, 30 அங்குலமோ அதற்குக் குறைவோ உயரமுள்ள சரிந்த முகப்பு வண்டியைவிட, மோதியவரைக் கொல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 45 அதிகம். 38 அங்குலக் காரை மூன்று அங்குலம் தூக்கிப் பாருங்கள், 41 ஆகிவிடுகிறது.

அமெரிக்க ரோடுகளில் வண்டி மோதி இறந்த பாதசாரிகள் 2009ல் சுமார் 4,100 பேர். 2022ல் 7,500க்கும் அதிகம். இத்தனைக்கும் உயர்ந்த கார் ஒன்றே காரணம் என்று நாம் சொல்லவில்லை. அதற்கும் பங்கு உண்டு என்பதை மறுக்க முடியாது. "என் பணம், என் வண்டி" என்பார்கள். வண்டி உங்களுடையது, ரோடு எல்லோருக்கும் பொது!

நமக்கு என்ன பாடம்?

இந்தியாவிலும் இந்தக் காற்று வீசுகிறது. 2024-25ல் இங்கு விற்ற பயணிகள் வண்டிகளில் நூற்றுக்கு 65 இந்த உயர்ந்த ரகம். நம் ரோடுகளில் 2022ல் மாண்ட பாதசாரிகள் 32,825 பேர் என்று சர்க்காரே சொல்கிறது. காரின் முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு வைப்பதன் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரில் மத்திய சர்க்கார் மாநிலங்களுக்கு எழுதிற்று. கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவை வைத்து 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. சட்டம் இருக்கிறது. விடியற்காலை ஷிப்டுக்கு சைக்கிளில் போகிறவரையும், களை எடுக்க ரோட்டோரமாக நடந்து போகும் பெண்களையும் காப்பாற்ற அதை அமல்நடத்துகிறார்களா என்பதே நம் கேள்வி.

அதைவிடப் பெரிய பாடம் ஒன்று உண்டு. 2023 ஏப்ரல் 21ந் தேதி, ஆலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன; கம்யூனிஸ்டுக் கட்சிகளும் மற்ற தோழமைக் கட்சிகளும் வெளிநடப்புச் செய்தன. மே தினத்தன்று மசோதா வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். இதை ஏதோ தொழிலாளி தன் சௌகரியத்துக்காக நடத்திய சண்டை என்று சிலர் பேசினார்கள். டிகேட்டரைப் பாருங்கள் என்று அவர்களுக்கு நாம் பதில் சொல்வோம். களைத்த கை செய்த டயரில்தான் உங்கள் பிள்ளைகளும் பயணம் செய்ய வேண்டும்!

பிள்ளைகள் பத்திரமாக வீடு வந்து சேர வேண்டும் என்று அமெரிக்கத் தகப்பன் விரும்புகிறார். நாமும் அதையே விரும்புகிறோம். மூன்று அங்குல உயரம் அந்தப் பத்திரத்தைத் தராது. எட்டு மணி வேலை, நியாயமான கூலி, பழுதைக் கண்டால் மிஷினை நிறுத்தச் சொல்லத் தைரியம் தரும் சங்கம், நடக்கிறவருக்கும் இடமுள்ள ரோடு - இவையே தரும். இவற்றை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது. ஒன்றுபட்டுப் போராடித்தான் பெற வேண்டும்.