காருக்கு மெஷின் பாலிஷ் போடுமுன் ஒரு வார்த்தை

ஒரு காலத்தில் தாராவியிலோ மாதுங்காவிலோ நம்மவர் ஒருவர் கார் வாங்கிவிட்டால் தெருவே கூடி நின்று, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்குவதைப் பார்க்கும். இன்று பிள்ளைகள் வேலைக்குப் போன இரண்டாம் வருடமே வண்டி வந்துவிடுகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் வாங்கிய ஆறாம் மாதம் வெயிலில் நிறுத்திப் பார்த்தால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை போல மெல்லிய கீறல்கள். உடனே ஒரு பாலிஷ்காரரை அழைக்கிறார்கள். அவர் மெஷினை ஓட்டுகிறார், வண்டி முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிறது. அடுத்த தீபாவளிக்கு மறுபடியும் அதே வலை, அதே மெஷின். இந்த வழக்கம் வண்டிக்கு நல்லதல்ல என்பது என் கருத்து. இதில் ஒரு ஏழைப் பையனின் வயிற்றுப்பாடும் சம்பந்தப்பட்டிருப்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்தவன். பணிக்காலத்தில் பெரும்பகுதி மாதுங்கா ஒர்க்‌ஷாப்பில் கழிந்தது. 1915-ல், ஜி.ஐ.பி. ரயில்வே காலத்தில் தொடங்கிய பட்டறை அது. பெட்டிகள் அங்கே முழுப் பராமரிப்புக்கு வரும். பழைய பெயின்டைச் சுரண்டி, பிரைமர் அடித்து, பட்டி பார்த்து, வாட்டர் பேப்பரால் தேய்த்து, அதன் மேல் எனாமல் அடிப்போம். அங்கே பெயின்ட் என்பது அழகு அல்ல, தகரத்துக்குச் சட்டை. எத்தனை மைக்ரான் இருக்கிறது என்று மீட்டர் வைத்துத்தான் பேசுவோம். காருக்கும் அந்தப் பேச்சுத்தான் பொருந்தும்.

குர்லாவில் தயாரான பிரிமியர் பத்மினியை மறந்திருக்க மாட்டீர்கள். கடைசி பத்மினி டாக்சி 2023 அக்டோபரில்தான் மும்பைச் சாலையை விட்டுப் போனது. அந்த வண்டிகளில் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சு. காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால் துணியில் வண்டியின் நிறமே ஒட்டும். இன்றைய வண்டிகள் பெரும்பாலும் அப்படியில்லை. நிறம் தனி, அதன் மேல் நிறமில்லாத கிளியர் கோட் தனி. தகரத்தின் மேல் உள்ள மொத்தப் பூச்சும் சேர்ந்து ஏறத்தாழ 100 முதல் 130 மைக்ரான், அதாவது நாம் எழுதும் தாள் ஒன்றின் கனம் அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதல். அதில் கிளியர் கோட் 40, 50 மைக்ரான்தான். தலைமுடியின் கனம்கூட இல்லை. பத்து வருடம் வெயிலைத் தாங்கி நிறத்தைக் காப்பது அந்த மெல்லிய தோல்.

பாலிஷ் மெஷின் கீறலை 'அழிப்பதாக' எல்லோரும் நினைக்கிறோம். கீறல் என்பது ஒரு பள்ளம். பள்ளத்தை அழிக்க ஒரே வழி, சுற்றியுள்ள மேட்டைப் பள்ளத்தின் அடிமட்டம் வரை தேய்த்து இறக்குவது. தாராவியில் பித்தளை பக்கிளை பஃபிங் சக்கரத்தில் பிடிப்பார்கள், பார்த்திருப்பீர்கள். தேய்ந்தாலும் உள்ளே மேலும் பித்தளைதான், கவலையில்லை. கார் பெயின்டில் தேய்ந்தது தேய்ந்ததுதான். கடுமையான காம்பவுண்ட் போட்டு ஒருமுறை ஓட்டினாலே சில மைக்ரான்கள் போகும். வருடா வருடம் ஓட்டினால் ஆறேழு வருடத்தில் கிளியர் கோட் வெளுத்து, வெயிலில் தோல் உரிந்த முதுகு போலச் செதில் செதிலாகக் கிளம்பும். பிறகு டிங்கரிங் கடைதான், பாலிஷ் அல்ல.

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு திருநெல்வேலிப் பக்கம் 1,500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப்போய்த் திரும்புகிறவர்கள் நம்மில் பலர். ஊர் எல்லையில் சீமைக்கருவேல முள் கதவில் நீளமாக ஒரு கோடு போட்டுவிடும். அந்தக் கோட்டின் குறுக்கே விரல் நகத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகம் தடுக்கினால் அது பாலிஷுக்கு அடங்காத கீறல். மெஷின்காரர் 'ஆயேகா சாப், நிக்கல் ஜாயேகா' என்று எவ்வளவு சொன்னாலும் விடாதீர்கள். கீறலின் அடியில் வெள்ளையோ சாம்பலோ தெரிந்தால் நிறப் பூச்சும் கடந்துவிட்டது. கம்பெனி நிறத்தில் டச்-அப் பெயின்ட் வாங்கி ஊசிமுனைத் தூரிகையால் நிரப்பி விடுங்கள், துருவாவது பிடிக்காது. நகம் தடுக்காத மேலோட்டமான கீறலுக்குத்தான் மெஷின்.

மெஷினிலும் இரண்டு ஜாதி. ஒன்று வெறுமனே ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரி. நிமிடத்துக்கு 3,000 சுற்று வரை போகும், ஒரே இடத்தில் சூடு ஏறும். மற்றது சுற்றிக்கொண்டே ஆடவும் செய்கிற டூயல் ஆக்‌ஷன். அழுத்தினால் சுற்றுவதே நின்றுபோகும், ஆகவே அவசரக்காரர் கையிலும் அது அதிகம் கெடுக்காது. தெருவோரம் ஒரு மணி நேரத்தில் முடித்துத் தருகிறவர் கையில் இருப்பது பெரும்பாலும் ரோட்டரியும் கம்பளிப் பேடும்தான். பானெட் விளிம்பு, கதவு ஓரம் போன்ற முனைகளில் பெயின்ட் இயல்பாகவே மெல்லியது. அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டச் சொல்லுங்கள். பம்பர் பிளாஸ்டிக், சூட்டைக் கடத்தாது, சீக்கிரம் வெந்துவிடும். முதலில் ஒரு மூலையில், ஃபோம் பேடும் மிக மெல்லிய பாலிஷும் வைத்துச் சோதித்து, அதில் போகவில்லை என்றால்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும். எடுத்தவுடன் முரட்டுக் காம்பவுண்டில் தொடங்குகிறவரை அனுப்பிவிடலாம்.

இன்னொரு தந்திரமும் உண்டு. சில காம்பவுண்டுகளில் உள்ள எண்ணெயும் மெழுகும் கீறலுக்குள் போய் உட்கார்ந்து கண்ணை ஏமாற்றும். நாலு முறை கழுவினால் பழைய வலை திரும்பி வரும். பணம் கொடுப்பதற்கு முன் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து ஒரு துணியில் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். உண்மை அங்கேயே தெரிந்துவிடும்.

சரி, இந்த வலை எங்கிருந்து வருகிறது? செம்பூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பழைய கட்டடத்தை இடித்துப் புதியது எழுப்புகிறார்கள். அந்தத் தூசியில் மணல், அதாவது குவார்ட்ஸ் இருக்கிறது. கண்ணாடியையே கீறக்கூடியது. விடியற்காலையில் அதன் மேல் உலர்ந்த துணியை வைத்து அழுத்தித் துடைத்தால் வாட்டர் பேப்பர் போடுவதும் அதுவும் ஒன்றே.

எங்கள் சொஸைட்டியில் வண்டி துடைக்க வாஷி நாக்காவிலிருந்து ஒரு பையன் வருகிறான். வண்டிக்கு மாதம் 600 ரூபாய். போன மாதக் கூட்டத்தில் ஒருவர், தன் புது வண்டியை அவன் கெடுத்துவிட்டதாகவும் பாலிஷுக்கு ஆன 6,000 ரூபாயை அவன் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமென்றும் சொன்னார். அதாவது அந்த வண்டிக்காக அவன் பத்து மாதம் உழைத்த கூலி. நாலைந்து பேர் தலையாட்டவும் செய்தார்கள். எனக்கு மனம் பொறுக்கவில்லை. அவனுக்கு நாம் கொடுப்பது என்ன? வண்டிக்கு அரை வாளித் தண்ணீர். துணி, யார் வீட்டிலோ கிழிந்த பனியன். தினமும் துடைக்க வேண்டுமென்ற உத்தரவு நம்முடையது. நாலு முறை துணியை முக்கினால் அந்தத் தண்ணீர் சேறு, அந்தச் சேற்றால்தான் ஐந்தாம் முறை துடைக்கிறான். ரயில்வேயில் இப்படி ஒரு வேலை கெட்டுப்போனால் முதலில் கேட்கும் கேள்வி, ஃபிட்டருக்கு என்ன மெட்டீரியல் கொடுத்தீர்கள் என்பது.

தண்ணீர்ப் பஞ்சம் என்பார்கள். உண்மைதான். 2024-ல் மே 30 முதல் 5 சதவீதமும் ஜூன் 5 முதல் 10 சதவீதமும் மாநகராட்சி வெட்டியதை நாம் அனுபவித்தோம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 லிட்டர் வாளியில் தினம் அரை வாளி என்றால் வாரத்துக்கு 52 லிட்டர். வாரம் இருமுறை மட்டும், முறைக்கு இரண்டு வாளி கொடுத்தால் 60 லிட்டர். வித்தியாசம் எட்டு லிட்டர். மற்ற ஐந்து நாள் வண்டியைத் தொடவே வேண்டாம். தூசி தானாகக் கீறாது, தேய்த்தால்தான் கீறும். முன் கண்ணாடியை மட்டும் துடைத்துக்கொண்டு கிளம்பலாம்.

இந்த மாதக் கூட்டத்தில் நான் வைக்கப்போகும் யோசனை இதுதான். பையன் சம்பளத்தில் ஒரு பைசா பிடிக்கக் கூடாது. வண்டிக்கு இரண்டு வாளி, ஒன்றில் ஷாம்பு, மற்றதில் துணி அலச நல்ல தண்ணீர். மேலிருந்து கீழே கழுவ வேண்டும், சக்கரத்துக்குத் தனித் துணி. வண்டிக்காரர் ஒவ்வொருவரும் மூன்று மைக்ரோஃபைபர் துணி வாங்கித் தர வேண்டும். வாரம் ஒருமுறை அவற்றைத் துவைத்துக் கொடுப்பதும் அவரவர் வீட்டுப் பொறுப்பு. துவைக்கும்போது மற்ற துணிகளோடு சேர்க்க வேண்டாம், துணியை மிருதுவாக்கும் திரவமும் ஊற்ற வேண்டாம். ஊற்றினால் அந்தத் துணி தண்ணீரை உறிஞ்சாது.