துணை நிற்பவர் யார்?

சிறுமி ஒருத்தி பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானால், போக்சோ விதிகளின்படி அவளுக்கு ஓர் ஆதரவாளரை அமர்த்தலாம். புலன்விசாரணையிலும் வழக்கு விசாரணையிலும் அவர் உடன் நிற்பார். அறிந்ததை வெளியே சொல்லார். அவளே 18 வயது கடந்து பல்கலைக்கழகத்துள் நுழைந்துவிட்டால் அச்சட்டத்தின் துணை அவளுக்கு இல்லை. துயரம் வயது பார்த்தா குறைகிறது?

உள்ளகப் புகார்க் குழு இருக்கிறதே என்பர். 2013ஆம் ஆண்டுச் சட்டமும், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகளும் வலியுறுத்தும் அக்குழு தேவையானதே. ஆயினும் அது இரு தரப்பையும் கேட்டு, 90 நாட்களுக்குள் உண்மை காண வேண்டிய மன்றம். நடுவில் நிற்க வேண்டியவர் ஒருவர் பக்கம் அமர்ந்து ஆறுதல் சொல்ல இயலாது. சொன்னால் தராசு சாயும். சட்டத்தின் விதிகளோ வழக்கறிஞரையும் அங்கே அனுமதிப்பதில்லை.

2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் வன்கொடுமைக்கு உள்ளான மாணவி துணிந்து புகார் கொடுத்தார். அவரை அடையாளம் காட்டும் முதல் தகவல் அறிக்கையே வெளியே கசிந்தது. 2025 ஜூனில் குற்றவாளிக்கு 30 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனை கிடைத்தது. நன்று. ஆனால் அக்கசிவைக் கண்ட மற்றொரு மாணவி இனி யாரை நம்பி வாய் திறப்பார்?

விசாரிக்காத, தீர்ப்பிடாத, நிர்வாகத்துக்குத் தகவல் சொல்லக் கடமைப்படாத துணையாளர் ஒருவரை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஊதியம் தந்து அமர்த்தட்டும். மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் அவர் உடன் செல்லட்டும். புகார் கொடுப்பதா என்னும் முடிவை மாணவியிடமே விடட்டும்.

நிறுவனத்தின் பெயர் கெடும் என்று அஞ்சுவோரே, பெயரைக் கெடுப்பது புகார் அன்று. புகார் சொல்ல வந்தவரைத் தனியே நிற்க வைப்பதே.